மிஞ்சின கதிரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். போன் கேம் ஒன்றைப் பற்றித் தொடங்கி, நான் செய்த ஒரு பிழையில் வந்து முடியப்போகிறது. சம்பந்தப்பட்ட பிள்ளையின் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், வகுப்பு, தோட்டம் எதையும் சொல்லமாட்டேன். நல்லதண்ணி சின்ன ஊர். யாராவது ஊகித்தாலும் கமெண்டில் எழுதவேண்டாம்.

எங்கள் ஊரின் ஜூன் மாதம் உங்களுக்குத் தெரியும். சீசன் முடிந்து, கடைகளெல்லாம் பலகை போட்டு, மலை முகிலுக்குள் போய்விடும். மூன்று நாள் விடாமல் மழை. கரண்ட் வரும், போகும். அப்படியான ஒரு இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து இருந்தபோது மகள் போனை நீட்டினாள். "வாப்பா, நீங்க கணக்கு வாத்தியார்தானே, இதைச் செஞ்சி காட்டுங்க பாப்பம்."

கேமின் பெயர் 'இஸ் திஸ் சீட் டேக்கன்?'. 2025 ஆகஸ்டில் வந்தது. பார்சிலோனாவில் உள்ள பொட்டி பொட்டி ஸ்டூடியோ என்ற சின்னக் குழு செய்தது. சுடுவது, ஓடுவது ஒன்றும் இல்லை. நேரக் கட்டுப்பாடும் இல்லை. சதுரம், வட்டம், முக்கோணம் மாதிரி உருவங்கள்தான் ஆட்கள். பஸ்ஸில், தியேட்டரில், கலியாண வீட்டில் அவர்களை இருத்தவேண்டும். ஒருவருக்கு ஜன்னல் வேண்டும். ஒருவருக்கு சத்தம் பிடிக்காது. ஒருவர் மேல் நாற்றம். எல்லாருடைய முகமும் சிரிக்கிற மாதிரி இருத்தினால் வெற்றி.

ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. மகள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

கேம் இல்லாதவர்களுக்காக அதே மாதிரி ஒன்றை நம்ம ஊர் பஸ்ஸில் வைத்துச் சொல்கிறேன். ஹட்டன் போகும் பஸ்ஸின் கடைசி சீட். இடப்பக்க ஜன்னலில் இருந்து வலப்பக்க ஜன்னல் வரை ஐந்து இடம், 1 முதல் 5 வரை. ஏறுகிறவர்கள்: ஒரு பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு தாய், பரீட்சைக்குப் போகும் ஒரு மாணவி, மீன் பையோடு ஒரு மாமா, காதில் ஹெட்செட் போட்ட ஒரு பொடியன்.

பாட்டிக்கு இடப்பக்க ஜன்னல்தான் வேண்டும். தாய் அவசரத்துக்கு இறங்கவேண்டும், அதனால் சரியாக நடு இடம். தாய்க்குப் பக்கத்தில் மீன் பை இருக்கக்கூடாது. மாணவிக்கும் மீன் வாடை ஆகாது, அவளும் மாமாவுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள்.

ஐந்து பேரை வரிசையாக இருத்த 5 × 4 × 3 × 2 × 1 = 120 வழி உண்டு. ஆனால் இந்த நாலு நிபந்தனைக்கும் பொருந்துவது ஒன்றே ஒன்று. வாசிப்பதை நிறுத்தி ஒருக்கா செய்து பாருங்கள்.

செய்தாச்சா? பாட்டி 1. தாய் 3. மாமா தாய்க்குப் பக்கத்தில் வரமுடியாது, அதனால் 2, 4 இரண்டும் இல்லை, அவர் 5. மாணவி 4இல் இருந்தால் மாமாவின் பக்கம், அதனால் 2. மிஞ்சினது 4. பொடியனுக்கு அது.

நான் வகுப்பில் இந்தக் கணக்கைப் படிப்பிக்கும்போது ஒன்று சொல்வேன்: 'ஆகக் குறைவான வழி உள்ளவரிடம் இருந்து தொடங்குங்கள்.' எங்கேயும் இருக்கக்கூடியவரை கடைசிக்கு விடுங்கள். புலமைப்பரிசில் வினாத்தாளிலும் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். முறை ஒன்றுதான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நேஷனல்' சஞ்சிகையில் ஐந்து வீடு, ஐந்து ஆட்கள், வரிக்குதிரை யாரிடம் என்று ஒரு புதிர் வந்தது. 'ஐன்ஸ்டீன் சின்ன வயதில் எழுதியது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதுதான். ஐன்ஸ்டீன் எழுதினதற்கு ஒரு ஆதாரமும் இல்லை, ஷெயார் பண்ணுகிறவர்கள் கவனிக்க.

நம்ம வீடுகளிலும் இந்தக் கணக்கு உண்டு. வலீமாவில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருக்கிறோம். வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு இல்லை. யார் பக்கத்தில் யார் என்பதுதான் கணக்கு. அதனால் ஆறு பேர் வட்டமாக இருக்கும் வழிகள் 720 இல்லை, அதை ஆறால் வகுக்க வரும் 120. பஸ் சீட்டில் ஐந்து பேருக்கு எத்தனையோ, சஹனில் ஆறு பேருக்கும் அத்தனை.

இதுவரைக்கும் விளையாட்டு.

அந்த இரவு என்னைத் தூங்கவிடாதது அந்த ஹெட்செட் பொடியன். நான்தான் அவனை உண்டாக்கினேன், ஆனால் அவனைப் பற்றி ஒரு நிபந்தனையும் எழுதவில்லை. அவன் எதையும் கேட்கவில்லை. மற்ற நாலு பேரும் கேட்டதை எல்லாம் கொடுத்து முடிய, மிஞ்சின கதிரை அவனுக்கு. மீன் பைக்குப் பக்கத்தில். கணக்கு சரி. ஆனால் அவனுக்கும் மீன் வாடை ஆகாது என்றால்? கேட்டது யார்?

என் வகுப்பில் 24 பிள்ளைகள். நாலு வரிசை, வரிசைக்கு மூன்று மேசை, மேசைக்கு இரண்டு பேர். 24 பேரை 24 கதிரையில் இருத்தக்கூடிய வழிகளை எழுதினால் அது 24 இலக்க எண். இரசாயனவியல் படித்தவர்களுக்கு அவகாதரோ மாறிலி ஞாபகம் இருக்கும், கிட்டத்தட்ட அந்த அளவு. அவ்வளவு வழி இருந்தும், ஜனவரியில் நான் ஒரு வழியைப் போட்டுவிட்டு அதோடு இருந்துவிட்டேன். உயரம் பார்த்தேன். குழப்படிக்காரரைப் பிரித்தேன். மற்றபடி பெற்றோர் வந்து சொன்னதைக் கேட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை எல்லாருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். 'எங்க இருக்க விருப்பம்? ஏன்?' இரண்டே கேள்வி. யாரும் மற்றவருடையதைப் பார்க்கக்கூடாது.

பாதிப்பேர் எழுதினது நான் நினைத்ததுதான். கூட்டாளிக்குப் பக்கத்தில். ஃபேனுக்குக் கீழே என்று ஒருத்தன் எழுதியிருந்தான், எங்கள் வகுப்பில் ஃபேனே இல்லை! இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பக்கத்தில் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தால் லயத்துத் தண்ணிப் பைப்பில் இரண்டு வீட்டாருக்கும் சண்டை. வலப்பக்கச் சுவரோரம் இருக்கும் ஒரு மகன், இடப்பக்க ஜன்னல் கேட்டிருந்தான். 'அங்க இருந்தா மலையில அம்மா கொழுந்து எடுக்கிறது தெரியும்' என்று காரணம். அதை வாசித்து கொஞ்ச நேரம் அடுத்த துண்டை எடுக்கவில்லை.

அடுத்த துண்டு இதுதான்.

'எங்க இருந்தாலும் பரவாயில்ல சேர். எனக்கு வலது காது கேக்காது.'

அந்தப் பிள்ளை இருந்தது இடப்பக்க ஜன்னல் சுவரோரம், கடைசி வரிசை. யோசித்துப் பாருங்கள். இடது சுவரோரம் இருந்தால் அவளுக்குக் கேட்கிற இடது காது சுவரைப் பார்க்கிறது. கேட்காத வலது காது வகுப்பைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. மேலே தகரக் கூரை. ஜூன் மழை. அந்த அறையில் 24 கதிரை இருந்தது. அவளுக்கு ஆகக் கூடாத கதிரை எதுவோ, அதில் நான் அவளை இருத்தியிருந்தேன்.

அதைவிட மோசம், அரை வருசமாக அவளை நான் ஏசியிருக்கிறேன். "கவனம் எங்க?" "கூப்பிட்டா திரும்பிப் பார்க்கத் தெரியாதா?" தவணை அறிக்கையில் 'வகுப்பில் கவனக்குறைவு' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, இதை முந்தியே சொல்லல?"

"நீங்க கேக்கல சேர்."

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சின்ன வயதில் காதில் சீழ் வந்ததாம். பிறகு அது நின்றது, அந்தக் காதும் நின்றது.

இனி நான் எழுதத் தயங்கின இடம். அவளை அந்த மூலையில் நான் ஏன் இருத்தினேன்?

ஜனவரியில் ஒரு தகப்பன் வந்தார். நல்ல மனிதர், பாடசாலைக்கு உதவி செய்கிறவர். "சேர், என் மகளை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில இருத்தாதீங்க." காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மலைநாட்டில் இத்தனை வருசம் படிப்பிக்கிறவனுக்கு, சொல்லாத காரணம் என்னவென்று விளங்கும். உங்களுக்கும் விளங்கும். வருசத் தொடக்கத்தில் பிரச்சினை வேண்டாம் என்று "சரி அண்ணே" என்றேன். அந்த ஒரு 'சரி'யில்தான் அவள் மூலைக்குப் போனாள்.

அந்தப் பொடியன் மாதிரிதான். மற்றவர்கள் கேட்டதைக் கொடுத்து முடிய மிஞ்சின கதிரை அவளுக்கு.

கேமில் எல்லா நிபந்தனைக்கும் ஒரே மதிப்பு. ஜன்னல் கேட்பவரும், இன்னொருவர் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்பவரும் ஒன்றுதான். இரண்டையும் நிறைவேற்றினால்தான் முகம் சிரிக்கும். வகுப்பில் அப்படி இல்லை. காது கேட்காதது தேவை. அம்மாவைப் பார்க்க நினைப்பது விருப்பம். காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கச் சொல்வது தேவையும் இல்லை, விருப்பமும் இல்லை. அந்த நிபந்தனையை ஆசிரியர் அழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கவேண்டும். நான் அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்காமல் தோளோடு தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்கிறவன், திங்கட்கிழமை வகுப்பில் இதைச் செய்தேன். அல்லாஹ் மன்னிக்கவேண்டும். அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே இடம் மாற்றினேன். ஜன்னல் கேட்ட மகனின் கதிரை வலப்பக்கச் சுவரோரம், இரண்டாவது வரிசை. வலது காது கேட்காதவளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, இடது காதுக்கு முழு வகுப்பும் கேட்கும். இரண்டு பேரும் ஒருவர் இடத்துக்கு மற்றவர் போனார்கள்.

ஆனால் பக்கத்தில் யார் என்ற கேள்வி மிச்சம். அதற்கும் கணக்குக்குள்தான் விடை கிடைத்தது. 1850இல் இங்கிலாந்தில் தோமஸ் கேர்க்மன் என்ற பாதிரியார் ஒரு புதிர் போட்டார். 15 மாணவிகள் ஏழு நாளும் மூன்று மூன்று பேராக நடந்து போகவேண்டும், எந்த இருவரும் இரண்டாம் தடவை ஒன்றாக வரக்கூடாது. முடியும். எனக்குத் தேவை அதைவிட லேசானது, இரண்டு இரண்டு பேர். 24 பேரில் 276 சோடி வரும். கிழமைக்கு 12 சோடி. 276ஐ 12ஆல் வகுக்க 23. ஆக 23 கிழமையில் எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு தடவை இருக்கலாம்.

செய்யும் முறை லேசு, ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை இரண்டு நிரலாக, 12க்கு 12 எழுதுங்கள். எதிரெதிரே வருகிறவர்கள் சோடி. அடுத்த கிழமை முதலாவது பெயரை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்ற 23 பேரையும் வட்டமாக ஒவ்வொரு இடம் நகர்த்துங்கள். அவ்வளவுதான். கிரிக்கெட் தொடருக்கு அட்டவணை போடுவதும் இப்படித்தான்.

ஒரு பெயர் மட்டும் அசையக்கூடாது என்கிறது முறை. அது யாருடைய பெயர் என்று சொல்லத் தேவையில்லை. அவள் தன் கதிரையில் இருப்பாள். மற்ற 23 பேரும் கிழமைக்கு ஒருவராக அவளிடம் வருவார்கள். ஜன்னல் மகன் எங்கே யாரோடு சோடி சேர்ந்தாலும் ஜன்னல் மேசைதான், அவளோடு வரும் அந்த ஒரு கிழமை தவிர. அவனிடம் கேட்டேன். "ஒரு கிழமைதானே சேர்" என்றான்.

தகப்பன் வந்தார். வருவார் என்று தெரியும். "அண்ணே, 24 பிள்ளைக்கும் ஒரே முறைதான். உங்க மகளுக்கு மட்டும் நான் வேற கணக்குப் போட ஏலாது" என்றேன். கை நடுங்கியது உண்மை. அவர் ஒன்றும் பேசவில்லை. குடையை விரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடையில் கண்டாலும் முன்னைய மாதிரிக் கதைப்பதில்லை. அண்ணே, இதை வாசித்தால், எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், சரி என்றது நான். பிழையில் பெரிய பங்கு என்னுடையது.

அவர் மகளின் கிழமை போன கிழமை வந்துபோனது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு அழிறப்பரைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஒன்றாகக் கதைத்ததற்கு நான் ஏசவேண்டி வந்தது, அவ்வளவுதான்.

காதை டொக்டரிடம் காட்டியாகிவிட்டது. கிளினிக் போகவேண்டும், துஆ செய்யுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் காதில் சீழ் வந்தால் எண்ணெய் விட்டுவிட்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை குழப்படி என்று முடிவெடுக்கும் முன், முதுகுப் பக்கம் நின்று ஒவ்வொரு பக்கமாக மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள்.

சக ஆசிரியர்களே, ஒரு துண்டுக் கடதாசி, இரண்டு கேள்வி. நாளைக்கே கேளுங்கள். 'எங்க இருந்தாலும் பரவாயில்ல' என்று எழுதுகிற பிள்ளையின் துண்டை இரண்டு தடவை வாசியுங்கள்.