எது அசையாமல் நிற்கிறது?

1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் ‘டை’ ஆன கணத்தை ரான் லோவிட் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மேற்கிந்திய ஃபீல்டர் ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பைப் பெயர்த்துவிட்டது, ஓடிவரும் ஆஸ்திரேலியாவின் மெக்கிஃப் இன்னும் கிரீசை எட்டவில்லை, ஃபீல்டர்கள் துள்ளுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் படத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தீர்ப்பே படத்துக்குள் இருக்கிறது.

எல்லா ஆட்டமும் அப்படி வசமாகச் சிக்குவதில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது ‘டை’யில் (இந்தியா - ஆஸ்திரேலியா) கடைசியாக அவுட்டான மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தாலும் விரல் தூக்கிய நடுவர்தான் கிடைப்பார். அவுட்டா இல்லையா என்ற வழக்கு தீராது. நானாக இருந்தால் அந்த டெஸ்டில், வெயில் தாங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்த டீன் ஜோன்ஸின் பின்னால் போயிருப்பேன். வெக்கையை எப்படிப் படமெடுப்பது? இன்னொரு வழி தேவைப்படுவது அங்கேதான்.

அசைவைக் கலங்கலாகவே பதியவிடும் அந்த வழிக்கு மூத்தவர் பிரான்சைச் சேர்ந்த புகைப்படக்காரர் லார்டிக். முதல் உலகப் போருக்கு முன் நடந்த கார் பந்தயத்தில், ஓடும் காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினார். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு பிளவு. அது நகர நகரப் படம் வரிவரியாகப் பதியும். அதற்குள் கார் முந்திக்கொண்டதால் சக்கரம் முட்டை வடிவில் முன்பக்கம் சாய்கிறது. சாலையோரம் நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். சக்கரம் பொய்தான். ஆனால் காரில் எழுதிய 6 என்ற எண் பளிச்சென்று தெரிகிறது. என் கண் முதலில் போவது அந்த 6க்குத்தான். அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் கலங்கல். இன்று ஷட்டரை மெதுவாக்கி, நிறத்தை உருவிவிட்டு ‘ஆர்ட்’ என்று நீட்டுகிறார்களே, என்ன ஆட்டம் என்றே தெரியாத அந்தப் படங்களை விளையாட்டுப் படமென்று நான் ஏற்பதில்லை.

கபடியில் இந்தக் கூர்மையான புள்ளியை ஆட்டமே கொடுத்துவிடுகிறது. ஃபோகஸ் லைட் போட்ட மண் தரை. 1/1000 நொடியில் எடுத்தால் யார் பிடித்தார், கை நடுக்கோட்டைத் தொட்டதா என்ற கணக்கெல்லாம் விழும். பத்திரிகைக்கு அதுதான் வேண்டும்; முதலில் அதை எடுத்து அனுப்பிவிடுவேன், சோறு போடுவது அது. பிறகு 1/15க்கு இறங்குவேன். ரெய்டரின் கணுக்காலை ஒருவர் கவ்வுகிறார், ரெய்டரோ கோட்டை நோக்கி எம்புகிறார். தோள், தலை, முதுகு எல்லாம் இழுபட்டுக் கலைந்துபோகும். பிடிபட்ட கணுக்காலும் அதைச் சுற்றிய விரல்களும் மட்டும், நகக்கண்ணில் ஏறிய மண் உட்பட, கூர்மையாக விழும். அந்தப் பிடியின் பலத்தை 1/1000 படம் சொல்லாது. அதில் எல்லாமே நின்றுவிடுகிறதே!

இதே படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்பு ஜெர்சியும் பச்சை ஜெர்சியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். கணினியில் மாற்றும்போது சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் அணிகள் பிரிந்து தெரியும். ஆனால் தோலிலும் சிவப்பே அதிகம் என்பதால் அதுவும் சேர்ந்து வெளுக்கும். வெயிலில் கறுத்த பையன்கள் பவுடர் அப்பியதுபோல் ஆகிவிடுவார்கள். வியர்வையின் மினுக்கும் தோளில் ஒட்டிய மண்ணும் காணாமல் போகும். ஆகவே எந்த அணி என்று தெரிந்தாக வேண்டிய படத்துக்கு மட்டும் சிவப்பை ஏற்றுவேன், அதுவும் கொஞ்சமாக. எனக்கென்று வைத்துக்கொள்ளும் படத்தில் தோலைத்தான் பார்ப்பேன். ஜெர்சிகள் ஒன்றாகிப் போனால் போகட்டும். எந்தக் கை யாருடையது என்று பார்ப்பவர் கொஞ்சம் தேடட்டுமே.