இலச்சினையும் விலையும்

ஒரு பொருளின் பெயர் அப்பொருள் அன்று. இதனை மறுப்பார் இலர். ஆயினும், சந்தையிலே பெயருக்கொரு விலையும் பொருளுக்கொரு விலையும் தனித்தனியே இடப்படுவதில்லை. இரண்டும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகின்றன. அவற்றுள் எது எவ்வளவு எனப் பிரித்தறியும் வாய்ப்பு அரிதாகவே கிட்டும். இத்தாலியிலே செய்யப்பட்ட டீனோ என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அத்தகையதொரு வாய்ப்பினைத் தருகின்றது.

டீனோ என்பது என்சோ பெராரியின் மகன் அல்பிரேடோவை வீட்டார் அழைத்த பெயர். தசைநலிவு நோயினால் 1956 ஆம் ஆண்டிலே, தமது 24 ஆவது வயதில், அவ்விளைஞர் இறந்தார். நோயுற்றிருந்த நாள்களிலும் ‘வி’ வடிவில் அமைந்த ஆறு சிலிண்டர் இயந்திரமொன்றைப் பற்றி அவர் பொறியியலாளரோடு உரையாடி வந்தார் என்பது தந்தையின் கூற்று. அவ்வகை இயந்திரங்களுக்கு மகனின் பெயரையே தந்தை இட்டார். 1960களின் பிற்பகுதியில் அவ்வியந்திரம் பூண்ட சிறிய காரொன்று அவரது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது, அதன் முகப்பிலே பெராரியின் துள்ளும் குதிரை காணப்படவில்லை. மஞ்சள் நிறத் தகட்டிலே, கையெழுத்துப் போன்று, டீனோ என்ற பெயர் மட்டுமே இருந்தது. பன்னிரண்டு சிலிண்டர் வண்டிகளுக்கே பெராரி என்னும் பெயர் உரியது எனக் கருதப்பட்ட காலம் அது.

இக்காரணத்தினால், டீனோ ‘உண்மையான’ பெராரி அன்று என்றொரு கருத்து எழுந்தது. உடைமையாளர் சிலரும் விற்பனையாளர் சிலரும் குதிரை இலச்சினையை வாங்கி அதன் முகப்பிலே பொருத்தினர். அவ்வாறு செய்தல் பொய்ம்மை என்றனர் ஒரு சாரார். பெராரியின் தொழிற்சாலையிலே பிறந்த வண்டிக்குப் பெராரியின் சின்னம் பொருந்தாதோ என வினவினர் மற்றொரு சாரார்.

இவ்விவாதத்திற்கு இயந்திரம் தரும் சான்று வியப்பானது. இரண்டாம் தரப் பந்தயமாகிய போர்முலா 2 இற்கு 1967 இல் வந்த விதியின்படி, பந்தய வண்டியின் இயந்திரம் குறைந்தது 500 வண்டிகளிலேனும் இடம்பெற்றதாய் இருத்தல் வேண்டும். அத்தனை வண்டிகளைச் செய்யும் வலு பெராரியிடம் இல்லாமையால் பியற் நிறுவனம் துணைக்கு வந்தது. 1966 இல் பியற் டீனோ என்னும் கார் அதே இயந்திரத்தோடு வெளியாயிற்று. 1969 இன் இறுதி முதல் அது பெராரியின் மரனெல்லோத் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது. ஆயினும், இன்றைய ஏலங்களிலே பியற் டீனோ பெறும் விலை பெராரி செய்த டீனோ 246 பெறும் விலையின் ஒரு சிறு பங்கேயாகும். உடலமைப்பும் இயந்திரம் வைக்கப்பட்ட இடமும் வேறாதலின், அவ்வேறுபாடு முழுவதையும் பெயரின்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயின், 1973 இல் டீனோ என்ற பெயரோடு அறிமுகமான 308 ஜீ.ரி.4 என்னும் எட்டுச் சிலிண்டர் காரோ, 1976 இலே துள்ளும் குதிரையைப் பெற்றுப் பெராரி ஆயிற்று. உடலும் அதுவே, இயந்திரமும் அதுவே. மாறியது தகடு ஒன்றே.

காலம் இவ்விவாதத்தைத் தலைகீழாக்கிற்று. சேகரிப்போர் இன்று முதலில் வினவுவது மூலநிலையைப் பற்றியே. இயந்திர இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா, நிறம் தொழிற்சாலையில் இட்டதுதானா என நுணுகி ஆராய்கின்றனர். இதனால், ஒருகாலத்திலே மதிப்பை உயர்த்தும் எனக் கருதி ஒட்டப்பட்ட குதிரையை, மதிப்பைக் காக்கும் பொருட்டு இன்று கழற்றிவிடுகின்றனர். இரு செயல்களுக்கும் தூண்டுகோல் ஒன்றே: பிறர் கண்ணுக்கு அது எவ்வளவு பெறும் என்னும் கணக்கு.

இக்கணக்கின் உச்சத்தை 250 ஜீ.ரி.ஓ. என்னும் பெராரியிலே காணலாம். 1962 முதல் 1964 வரை 40இற்கும் குறைவாகவே செய்யப்பட்ட இப்பந்தய வண்டிகளுள் ஒன்று, 2018 இல் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்திலே 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. பந்தயத்திற் பழையதாகிப்போன வண்டியெனக் கழிக்கப்பட்ட காலமும் அவற்றுக்கு இருந்தது. உயர்விலை அவற்றை அழிவினின்றும் காத்தது என்பது உண்மை. எனினும், காக்கும் விலையே கட்டவும் செய்கின்றது. ஓடிய தூரம் கூடினால் விலை குறையுமென அஞ்சி, ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியைப் போர்வைக்குள் வைத்திருப்பவர் அதனை உடையவர் அல்லர், அதற்குக் காவலர். வளைவான மலைப்பாதையிலே அதனைச் செலுத்தி, அதன் ஒலியையும் குறையையும் அறிந்தவரே உடையவர். சேற்றுத் தெறிப்பு அவரை வருத்துவதில்லை.

குதிரைச் சின்னத்தின் வரலாறு இங்கு நினைத்தற்குரியது. முதலாம் உலகப் போரிலே 1918 இல் மாண்ட விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் வரையப்பட்டிருந்தது அது. அதனைச் சூடிக்கொள்ளுமாறு பராக்காவின் தாய் தம்மிடம் கூறியதாக என்சோ பெராரி எழுதியுள்ளார். எனவே, குதிரை மகனை இழந்த தாயொருத்தியின் கொடை. டீனோ மகனை இழந்த தந்தையொருவரின் நினைவு. இவற்றுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் தரம் பிரித்தது சந்தையே. தந்தையின் கண்ணுக்கு, தம் குடும்பப் பெயரினும் மகனின் பெயர் எளியதாய் இருந்திருக்குமோ?