கரிசல் காட்டில் கதை நேரம்

சிறு பிள்ளைகளுக்கான நூலகக் கதை நேரம் அரை மணி நேர வேலை. ஒரு கருவை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் இரண்டு மூன்று கதைகள், கை காலை அசைத்துப் பாட ஒரு பாட்டு, முடிவில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் என்று கோத்துக் கொடுப்பது. மூன்று வயதிலிருந்து ஆறு, ஏழு வயது வரை உள்ளவர்களுக்கானது இது. அதற்கு மேற்பட்டவர்கள் தாமே படிப்பார்கள். அவர்களுக்கு இது தேவையில்லை, ஆனாலும் வருவார்கள். இந்த அரை மணிக்குத் திட்டமிட ஒரு வாரம் வேண்டும் என்று சொன்னால், ‘கதை சொல்ல எதற்குத் திட்டம்?’ என்று கேட்பவர்கள் நூலகத்துக்கு வெளியே மட்டும் இல்லை.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் (2010), மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் (2023) குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ கிடைப்பது ஒரு மூலையும் ஒரு பாயும்தான். நூல் எடுப்பைப் பதிவேட்டில் எழுதுபவரும், நாளிதழை அடுக்குபவரும், கதை சொல்பவரும் ஒரே ஆள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அதே அறையில் முகம் சுளிப்பார்கள். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுபவர்களில் அந்த இளைஞர்களின் வீட்டார் மட்டுமல்ல, இந்தக் குழந்தைகளின் வீட்டாரும் உண்டு என்பதை அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நேரத்தை ஊரின் வேலைதான் முடிவு செய்கிறது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை; எனவே ஞாயிறு. ஒன்பது மணிக்கு என்று அறிவித்தால் யாரும் வர மாட்டார்கள். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் பெண்கள் விடியும் முன்பே மொட்டுப் பறிக்கப் போய், பூவைக் கமிஷன் கடைக்கு அனுப்பிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். பத்தரை மணி சரியான நேரம். வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அக்காவின் இடுப்பில் வருவார்கள். அந்த அக்காவுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். வயது வரம்பைக் காட்டி அவளை வெளியே நிறுத்தினால் இடுப்பில் இருப்பதும் போய்விடும். படப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துப் பக்கம் புரட்டும் வேலையை அவளிடம் கொடுப்பதே முறை.

கருவைத் தேர்வதில்தான் பெரும்பாலான கதை நேரங்கள் கெட்டுப்போகின்றன. யானை, மீன், பழம், வண்ணம் என்று ஒரு பொருளின் பெயரைக் கருவாக வைத்தால் அது சுவரில் தொங்கும் படத்தாளுக்குத்தான் பயன்படும். மூன்று யானைக் கதைகளை அடுத்தடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும். கரு ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும்: பெரியது ஒன்று சிறிய இடத்துக்குள் நுழையப் பார்க்கிறது, ஒன்று தொலைந்துபோகிறது, எவ்வளவு தின்றும் பசி ஆறவில்லை. எரிக் கார்லின் கம்பளிப்பூச்சிக் கதை 1969-இல் வெளிவந்து உலகெங்கும் கதை நேரங்களில் நின்று பிடித்திருப்பது தின்றுகொண்டே போவதால்தான், பூச்சியால் அல்ல. முருங்கை மரத்தடியில் வளரும் பிள்ளைக்குக் கம்பளிப்பூச்சி என்றாலே உடம்பு அரிக்கும். ‘பூச்சிகள்’ என்ற கருவில் அந்தக் கதையை வைத்தால் எல்லாரும் ‘ஐயே’ என்பார்கள். ‘பசி ஆறவில்லை’ என்ற கருவில், ஊர்க் கதைகளில் வரும் ஒரு சாப்பாட்டு ராமனோடு சேர்த்து வைத்தால், அதே பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஊர்ப் பெருமையைக் கருவாக்குவது இன்னொரு கோளாறு. திருச்சுழியில் என்ன செய்தாலும் ரமண மகரிஷியைச் சேர்க்கச் சொல்வார்கள். அவர் 1879-இல் அங்கே பிறந்தவர் என்பதும், 1896-இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனவர் என்பதும் பெரியவர்களுக்கு உரிய செய்தி. நான்கு வயதுப் பிள்ளையின் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பையன் அம்மாவிடம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டான். அன்று இரவு அந்தப் பிள்ளை தூங்காது. அருப்புக்கோட்டைத் தறி அப்படியல்ல. அங்கே பல வீடுகளில் தறிச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்கிப் பழகியிருக்கிறார்கள். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். ‘சத்தம் நின்றுபோச்சு’ என்பது நல்ல கரு. நாடா ஓடும் ஓசையைத் தொடையில் தட்டிக் காட்டினால் பாட்டு தனியாகத் தேவைப்படாது.

இந்தப் பக்கத்தில் அனுபவம் உள்ளவரையும் திணறவைக்கும் கரு மழை. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதிலும் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நினைவில் இருப்பது அதிகம் போனால் ஒரு மழைக்காலம். அதுவும் பொய்த்திருந்தால் ஒன்றுமே இல்லை. அச்சில் கிடைக்கும் மழைப் புத்தகங்களோ குடை, மழைக்கோட்டு, முழங்கால் வரை காலணி, தேங்கிய நீரில் குதிப்பது, காகிதக் கப்பல் என்று போகும். அவற்றில் மழை விளையாட்டைக் கெடுக்கும், அல்லது மழையே விளையாட்டாகும். வானத்தைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அந்தப் புத்தகங்களில் இடமில்லை.

ஆகவே இங்கே கரு ‘மழை’ அல்ல, ‘மழைக்குக் காத்திருப்பது’. மழை கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் எல்லாம் காய்ந்து கிடக்க வேண்டும்.

காலம் புரட்டாசி. கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் பருத்தியும் சோளமும் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் மாதம். வீட்டில் பெரியவர்கள் வேறு எதையும் பேச மாட்டார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஐப்பசியில் மழை விழுந்த பிறகு இந்தக் கதை நேரத்தை வைப்பது புத்தகப் புத்தி. ஈரக் கரிசல் செருப்பில் அப்பிக் காலைக் கனக்க வைத்துவிடும். யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூலகம் வர மாட்டார்கள்.

முதல் நாளே ஒரு புஞ்சையிலிருந்து வெடிப்போடு ஒரு மண்கட்டியை அப்படியே பெயர்த்து அகலமான தட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். உடைந்துவிட்டால் பயனில்லை. பிள்ளைகள் வந்து உட்காரும்போது அது நடுவில் இருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை வெடிப்புக்குள் விரல் விடப் போகும். இன்னொன்று ‘தேள் இருக்கும்’ என்று கையைத் தட்டிவிடும். அதோடு கதை நேரம் தொடங்கிவிட்டது.

முதல் கதை தண்ணீர் தேடி அலையும் ஏதாவது ஓர் உயிரின் கதை. சிறியது போதும், படம் பெரிதாக இருக்க வேண்டும். அடுத்து உட்கார்ந்தபடியே பாடும் பாட்டு. இரண்டாவது கதை புத்தகத்தில் இருந்து அல்ல, மழைக்கஞ்சியிலிருந்து வர வேண்டும். மழை பொய்த்தால் வீடு வீடாகப் போய்க் கஞ்சி வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊரே உட்கார்ந்து குடித்து மழைக்கு வேண்டும் இந்த வழக்கத்தைப் பாட்டிகள் அறிவார்கள். கதை சொல்பவருக்கு அதில் கிடைப்பது ‘வீடு வீடாக’ என்ற அமைப்பு. முதல் வீட்டில் கம்பங்கஞ்சி, இரண்டாவது வீட்டில் சோளக்கஞ்சி, மூன்றாவது வீட்டில் பூனை குறுக்கே படுத்திருக்கிறது, நான்காவது வீட்டில் கஞ்சியே இல்லை, ஆனால் உப்பு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பழைய பட்டியலை முதலில் இருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டுக்குள் பிள்ளைகளே பட்டியலைப் பிடித்துக்கொள்வார்கள். அதே வட்டாரத்துக் கொடும்பாவி இழுப்பதை இதில் நுழைக்கக் கூடாது. உருவபொம்மையும் ஒப்பாரியும் இந்த வயதுக்கு ஆகாது. நாட்டுப்புற வழக்கு என்றால் எல்லாமே பிள்ளைகளுக்குத்தான் என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

கஞ்சி குடித்து முடிந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மண்கட்டியின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் ஓடிவிடும். மெதுவாக ஊற்றினால் வெடிப்பு உறிஞ்சும் சத்தம் கேட்கும், குமிழி வரும், வாசம் எழும். காதை வைத்துக் கேட்கச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே வைப்பார்கள். கரிசல் மண் ஈரம் பட்டால் ஊதும். வெடிப்பின் ஓரங்கள் நெருங்கிவருவதைப் பொறுமையுள்ள பிள்ளை பார்க்கும். இந்தத் தண்ணீரைக் கதைக்கு முன்னால் ஊற்றினால் அன்றைய பாடு முடிந்தது. சேற்றில் கை வைத்த பிள்ளை எந்தக் கதையையும் கேட்காது.

நல்ல மழை விழுந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு யாராவது தீப்பெட்டியில் தம்பலப்பூச்சி கொண்டுவருவார்கள். சிவப்புப் பட்டு போல இருக்கும் அது பூச்சியே அல்ல, எட்டுக்கால் உள்ள சிலந்தி உறவு என்ற விளக்கம் ஏழு வயதுக்கு மேல் போதும். அன்றைக்கு எழுதி வைத்த கருவைத் தள்ளிவைத்துவிட்டுத் தீப்பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிக் கதை சொல்லத் தெரிய வேண்டும்.

புத்தகங்களுக்குக் குறைவில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை, தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் எல்லாம் தமிழில் உண்டு. 2023-இல் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்த மெல்லிய புத்தகங்களில் முதல் படி இந்த வேலைக்கு ஏற்றது. ஊர்க் கதைக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் திரட்டியவை இருக்கின்றன. அவர் மண்ணும் இதே கரிசல்தான். ஆனால் அவை பெரியவர்களுக்குச் சொன்னபடி பதிவானவை. முழுக்கப் படித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துச் சொன்னால் பாதியில் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டிவரும்.

வீட்டில் கதை கேட்பவர் ‘ம்’ கொட்ட வேண்டும். நிறுத்தினால் சொல்பவரும் நிறுத்திவிடுவார். புத்தகத்தை விரித்துப் படிக்கும்போது அந்த ‘ம்’ போய்விடுகிறது. எல்லாரும் படத்தைப் பார்க்கிறார்கள், கதை ஓடுகிறதா என்று சொல்பவருக்குத் தெரிவதில்லை. ஒரு பிள்ளையை ‘ம்’ கொட்ட அமர்த்தினால் இது சரியாகும். அடங்காத பிள்ளையையே அமர்த்த வேண்டும். குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா 1932-இல் எழுதிய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதலில் பிள்ளைகளை அமைதியாக இருக்க வைக்கப் பார்த்துத் தோற்று, பிறகுதான் கதையைத் தொடங்குகிறார். பயிற்சி வகுப்புகளில் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். அடுத்த நிமிடமே ‘விரலை வாயில் வை’ என்று பழக்குகிறார்கள்.

இப்போது கரு இணையத்திலிருந்து இறங்குகிறது. மழை என்றால் நீலத் தாளில் வெட்டிய துளிகள், வெள்ளைப் பஞ்சில் ஒட்டிய மேகம். பருத்தி விளையும் ஊரில், மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சில் மேகம் செய்கிறார்கள். பெரிய திரை வைத்திருக்கும் இடங்களில் கதையையும் அதுவே சொல்லிவிடுகிறது. பொறுப்பாளர் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலே கேட்கிறார்கள், படத்தில் தலைகளை எண்ணுகிறார்கள். நவம்பர் 14-ஆம் தேதி மாறுவேடம், ஆகஸ்ட் 15-ஆம் தேதி கொடி என்று நாட்காட்டியே கருவாகிவிட்ட இடங்களும் உண்டு. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்கும் பெற்றோரை வாசலில்தான் உட்கார வைக்க வேண்டும்.

கதை முடிந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. அன்று படித்த புத்தகம் ஒரு பிள்ளையின் கையில் வீட்டுக்குப் போக வேண்டும். மெல்லிய, பின் அடித்த புத்தகங்களில் முதுகு எண் ஒட்ட இடமில்லை. இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போனால் நூலகர்தான் பணம் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் அவற்றைப் பீரோவில் பூட்டிவைத்து, கதை நேரத்துக்கு மட்டும் எடுக்கும் நூலகங்கள் இருக்கின்றன. கிழிவதையும் தொலைவதையும் செலவாக ஏற்கும் விதி வரும் வரை, அப்படிப் பூட்டுபவரைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவது, குறிப்பேடு. எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், எதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், எந்தப் பொருளுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்பதை அன்றே எழுத வேண்டும். அடுத்த ஆண்டு புரட்டாசிக்கு அதுதான் கைகொடுக்கும். இடமாறுதல் வந்தால் ஒப்படைப்புப் பட்டியலில் நாற்காலி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம் வரை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இந்தக் குறிப்பேட்டுக்கு அந்தப் பட்டியலில் வரி கிடையாது. புதிதாக வருபவர் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் உண்டு.