கடைசி வரிசைக்கும் ஒரு துண்டு

திருமண வீட்டாருக்குக் கணக்குகள் பல. பந்தலுக்கு ஒரு கணக்கு, பந்திக்கு ஒரு கணக்கு, பலகாரத்துக்கு ஒரு கணக்கு. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்யும் நாம், மாலை வரவேற்பில் வெண்மாடம் போல் எழுந்து நிற்கும் அடுக்குக் கேக்குக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு தலைகுனிவை வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மூத்த மகளின் திருமணம் சோமனூர்ப் பக்கத்தில் நடந்தது. காலையில் ஆலயத்தில் திருப்பலி. மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. முந்நூறு பேர் வருவார்கள் என்று மதிப்பிட்டிருந்தோம். மூன்று அடுக்குக் கேக், எட்டுக் கிலோ எடை. அதன் உயரத்தைக் கண்டதும், ஊருக்கே போதும் என்று மகிழ்ந்துபோனோம்.

மணமக்கள் கேக் வெட்டியதும், இளைஞர்கள் உற்சாகத்தோடு பங்கிட்டனர். முன் வரிசையில் இருந்த பெரியவர்களுக்குத் தாராளமான துண்டுகள் சென்றன. நடு வரிசையை அடையும்போது துண்டுகள் சிறுத்தன. பின்வரிசைக்கு வந்தபோது தட்டில் தூள்தான் மிஞ்சியிருந்தது.

அந்தப் பின்வரிசையில் இருந்தவர் யார்? எங்கள் விசைத்தறிக் கூடத்தில் இருபது ஆண்டுகளாகத் தார் சுற்றும் மூதாட்டி. அவர் மடியில் பேரன். கேக்குக்காக நீட்டிய காகிதத் தட்டை அச்சிறுவன் மடக்கவே இல்லை. "போகட்டுமுங்க, விருந்துதான் வயிறாரச் சாப்பிட்டமே" என்று அவர் சிரித்த சிரிப்பு எங்களைச் சுட்டது. சமையற்காரரோ நேராகவே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, அரிசிக்குக் கணக்குப் பாத்தீங்க, கேக்குக்கு மட்டும் பாக்கலீங்களே!"

அன்றிரவு எங்கள் இளைய மகள், மிஞ்சிப்போன அழைப்பிதழ் ஒன்றின் பின்புறத்தில் கணக்கிட்டுக் காட்டினாள். விருந்துக் கேக்கின் ஒரு துண்டு என்பது ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளம், நான்கு அங்குல உயரம். எனவே மேற்பரப்பில் இரண்டு சதுர அங்குலம் ஒருவருக்குப் போதும். வட்டக் கேக்கின் குறுக்களவில் பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 3.14ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். அதில் பாதி, துண்டுகளின் எண்ணிக்கை. 12 அங்குல அடுக்கில் 56, 10 அங்குல அடுக்கில் 39, 8 அங்குல அடுக்கில் 25. மொத்தம் 120. ஆக, எட்டுக் கிலோ எடையுள்ள அந்த மாடம், அளவாக வெட்டியிருந்தாலும் முந்நூறு பேரில் பாதிக்கும் எட்டியிராது. நாங்களோ அளவின்றி வெட்டினோம்.

உயரம் கண்ணை ஏமாற்றும் என்பதே நாங்கள் கற்ற பாடம். 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குச் செய்த கேக் நான்கு அடுக்கு, ஒன்பது அடி உயரம், 500 பவுண்டு எடை. அதிலிருந்து கிடைத்தவை 2000 துண்டுகள். துண்டுக்குக் கால் பவுண்டுதான்! போருக்குப் பின் உணவுப் பங்கீடு நிலவிய காலம் அது. கேக்குக்கு வேண்டிய பொருள்களை ஆஸ்திரேலியச் சாரணியர் அன்பளிப்பாக அனுப்பினர். அரண்மனையிலும் கேக் எண்ணித்தான் வெட்டப்பட்டது.

இலங்கையில் இதற்கு அழகான வழக்கம் ஒன்று உண்டு. மேசையில் நிற்கும் அடுக்குகள் பெரும்பாலும் காட்சிக்கே. விருந்தினருக்குரிய பழக் கேக்கை முன்னதாகவே சிறு துண்டுகளாக வெட்டி, காகிதத்தில் சுற்றி, பெட்டியிலிட்டு, விடைபெறும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். எண்ணி வைத்தது என்பதால் எவரும் விடுபடுவதில்லை.

இளைய மகளின் திருமணம் வந்தபோது அந்த அழைப்பிதழை மீண்டும் எடுத்தோம். அதே மூன்று அடுக்குத்தான். மேலடுக்கை மணமக்களுக்கென ஒதுக்கினோம். எஞ்சியது 95 துண்டு. அதனோடு, அலங்காரம் ஏதுமின்றி நீளத் தட்டில் சுட்ட நான்கு கேக்குகளைச் சமையற்கட்டில் வைத்தோம். ஒவ்வொன்றும் 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம். உயரம் பாதியானதால் இரண்டுக்கு இரண்டு அங்குலமாக வெட்டினோம். தட்டுக்கு 54, நான்குக்கு 216. ஆக 311 துண்டுகள். அடுக்குகளைத் தனித்தனியே பிரித்து, தாங்கு குச்சிகளை நீக்கி, முக்கோணமாக அல்லாமல், இரண்டு அங்குல இடைவெளியில் நேர்கோடுகளாகவும், பின் குறுக்கே ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகவும் வெட்டச் சொன்னோம். ஓரத்துத் துண்டுகள் சற்றே கோணலாயின; குறை சொன்னவர் எவருமில்லை.

விருந்தினர் பட்டியலை எழுதியபோது வரிசையையும் மாற்றினோம். முதலில் எழுதியவை சமையற்காரர், பாத்திரம் கழுவுவோர், பந்தல் போட்டவர், தறிக்கூடத்துத் தொழிலாளர் ஆகியோரின் பெயர்கள். உறவினரும் பிரமுகரும் அதன் பிறகே. பங்கிடுவதையும் பின்வரிசையிலிருந்தே தொடங்கினோம்.

கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்ததை முதலில் கவனித்தவர் ஓர் அன்னை. குறை பிறர் கண்ணில் படுமுன்னே கவனித்ததுதான் அவருடைய அன்பு. புதுமை செய்ய நம்மால் இயலாது. பரப்பைப் பாதியாக்கிக் கணக்கிட நிச்சயமாக இயலும்.

அந்த மூதாட்டி இளைய மகளின் திருமணத்துக்கும் பேரனோடு வந்திருந்தார். சற்றே வளர்ந்திருந்த அவன், தனக்குக் கிடைத்த துண்டில் பாதியைக் காகிதத்தில் பொதிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் தங்கை இருக்கிறாளாம். அவளுக்கென ஒரு துண்டைத் தனியே எடுத்துக் கொடுத்தோம். எங்கள் கணக்கில் அதற்கும் இடம் இருந்தது.