பூமாதேவி புரண்டு படுக்கவில்லை

முதலாம் வருடத்தில் புவியியல் பாடத்துக்கு ஒரு டியூட் எழுதக் கொடுத்தார்கள். புவித்தகடுகளின் அசைவால் இலங்கையைப் பாதித்த அனர்த்தம் ஒன்றை உதாரணத்தோடு விளக்க வேண்டும். எங்களில் மூன்று பேர் பதுளைப் பக்கம். பேசி வைத்துக்கொள்ளாமலே மூன்று பேரும் மீரியபெத்த மண்சரிவை எழுதியிருந்தோம். மூன்றிலும் சிவப்புப் பேனாவால் ஒரே குறி: பிழை.

எங்களுக்குக் கோபம் வந்தது. "ஏன் சேர், எங்க மலை மட்டும் பூமி இல்லையா?" என்று கேட்டேவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. உலகப் படத்தை விரித்து, "தகட்டோட விளிம்பு எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க" என்றார்.

பார்த்தோம். இலங்கை இந்தியத் தகட்டின் மேல், விளிம்புகளிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. கிழக்கே கிட்டிய விளிம்பு சுமாத்திராவுக்கு அருகில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே ஒரு தகடு இன்னொன்றின் அடியில் இறங்குகிறது. இதைத்தான் அமிழ்வு வலயம் என்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்த விளிம்பில் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறை பிளந்து நழுவியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அலை எங்கள் கிழக்குக் கரையில். டியூட்டுக்குச் சரியான விடை அதுதான்.

அதற்குப் பிறகுதான் ஆர்வம் வந்து வாசிக்கத் தொடங்கினோம். தகடுகள் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அதுவும் பிழை. தகடுகளுக்குக் கீழே இருக்கும் மான்டில் பெரும்பாலும் திண்மப் பாறைதான். ஆனால் சூடான பாறை. பிசைந்து வைத்த ரொட்டி மாவு தானாகப் பரந்து தாழ்வதுபோல, வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் என்று அது நகர்கிறது. குளிர்ந்து கனத்த பழைய கடற்தளம் அமிழ்வு வலயத்தில் அதற்குள் இறங்கும்போது தகட்டின் மிச்சத்தையும் இழுக்கிறது. கொடியில் போட்ட ஈரச்சேலையின் ஒரு பக்கம் கனத்துத் தொங்கினால் முழுச்சேலையும் வழுக்கிக்கொண்டு போகுமே, அப்படி. தகடுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது இந்த இழுவைதான்.

இந்தியாவும் அதோடு சேர்ந்து நாமும் வடக்கே போனது அப்படித்தான். நடுவிலிருந்த தெத்திஸ் கடலின் தளம் ஆசியாவுக்குக் கீழே அமிழ்ந்தது. சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதியது. அமிழ்ந்த தளம் இன்னும் மான்டிலின் ஆழத்தில் கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரிய பகுதி உண்டு. அங்கே கடல்மட்டம் சராசரியை விட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: தெத்திஸின் தளம் ஆழத்தில் இறங்கியது ஆப்பிரிக்காவுக்குக் கீழிருந்த சூடான பாறையைக் கிளப்பிவிட்டது. அந்த லேசான பாறைதான் இங்கே ஈர்ப்பைக் குறைக்கிறது.

எங்கள் மலையின் பாறைக்கும் இதுபோல ஒரு கதை உண்டு. சுமார் 55 கோடி வருடங்களுக்கு முன், கண்டங்கள் மோதி கொண்டுவானாவாக ஒட்டியபோது, பூமியின் ஆழத்தில் வெந்து அமுங்கி உருவான பாறை அது.

ஆக மலையைச் செய்தது பூமியின் ஆழம். சரி. ஆனால் மீரியபெத்தயில் மனிதர்களைப் புதைத்தது எது?

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவு. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மேல் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. பலரின் உடல்கள் இன்றைக்கும் அந்த மண்ணுக்குள்தான்.

மேலே செங்குத்தான பாறை. அதன் அடியில் காலங்காலமாக உதிர்ந்து குவிந்த மண்ணும் கல்லும். அந்தக் குவியலின் கீழே லயம். நாள்கணக்கான மழையில் மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால், அந்த அழுத்தம் மண்ணின் பிடிப்பைக் குறைத்துவிடும். பிறகு சரிவு தன் பாட்டில் நடக்கும். இதற்குத் தகடு அசையத் தேவையில்லை. பெருங்காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்ட மலைகளில் ஆழமாய்ப் பிடித்து நிற்கும் வேர்களும் குறைவு.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. ஆனால் "எழும்பிப் போங்க" என்றால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் அப்படியே. இருநூறு வருடமாக மலையில் வேலை செய்தும் ஒரு துண்டு மண் சொந்தமில்லாதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எதற்கு உதவும்? உயிர் தப்பியவர்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் முன்பும் கட்டியிருக்க முடியும்தானே.

எங்கள் பாட்டிமார் மீரியபெத்தயைப் பற்றிப் பேசும்போது, "பூமாதேவி புரண்டு படுத்துட்டா" என்று பெருமூச்சு விடுவார்கள். நாங்கள் படித்தவர்களாம், தகட்டசைவு என்று எழுதினோம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் இல்லை.

தெத்திஸ் கடல் அமிழ்வதை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. மீரியபெத்த லயங்களை இடம் மாற்ற ஒன்பது வருடம் இருந்தது.

டியூட்டைத் திருப்பி எழுதிக் கொடுத்தோம். சுனாமியை எழுதிவிட்டு, மீரியபெத்தயைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் இணைத்தோம். அதற்குப் புள்ளி இல்லை என்று சொன்னார்கள். பரவாயில்லை, வாசித்தார்கள்.