ஏடும் கல்லும்

மத்ரஸாவில் தாரீக் பாடம் நடத்துகையில் 'ஸிந்தீக்' என்னும் சொல் வரும்போது நான் சற்று நிறுத்துவதுண்டு. பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொல். மார்க்கத்தில் வழுவியவன் என்பது பொருள். ஆயினும் அப்பாஸியர் ஆட்சியில் அது அகீதா கெட்டவனைக் குறித்ததா, அரசுக்கு ஆகாதவனைக் குறித்ததா என்று பிரித்தறிதல் எல்லா இடத்தும் எளிதன்று.

கி.பி. 869இல் பஸராவின் உவர்நிலங்களில் உப்புப் படிந்த மேல்மண்ணை வாரிக்கொட்டி உழன்ற ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 883 வரை கலீபாவின் படைகளால் அவர்களை முற்றாக அடக்க முடியவில்லை. அக்காலத்திலேயே வாழ்ந்த இமாம் தபரீ இதை மிக விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர்களின் தலைவன் அலீ இப்னு முஹம்மதை 'அல்லாஹ்வின் பகைவன்' என்றும் 'கபீஸ்' என்றுமே சுட்டுகிறார். அவன் செய்த கொடுமைகளும் பொய்யல்ல. விடுதலை பேசியவன் பஸரா மக்களைச் சிறைப்பிடித்துத் தன் ஆட்களுக்கு அடிமைகளாக்கினான். இதை மறைத்து அவனை வீரனாக்க எனக்கு மனமில்லை. எனினும் ஒரு மாணவர், "ஹஜ்ரத், அந்த அடிமைகள் தம் வாயால் சொன்னது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவர்கள் எழுதிய கிதாபு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. வென்றவர் பக்கத்து எழுதுகோல் சொன்னதே எஞ்சியது.

நம் நாட்டிலோ இதற்கு மாறான ஓர் அதிசயம் உண்டு. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429இல், வலங்கை 98, இடங்கை 98 எனப்பட்ட சாதியார், என்றும் தம்முள் பூசலிட்டவர்கள், ஒன்றுகூடினர். அரசு அலுவலர்களும், காணியாளரான பிராமணரும் வேளாளரும் முறையின்றி வரி வாங்குவதை எதிர்த்தனர். அவர்களுக்கு ஒதுங்க இடம் தருவதில்லை, கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்தனர். மயிலாடுதுறைப் பக்கத்துக் கொறுக்கையில், ஊரை விட்டே ஓட நினைத்தோம், நாம் ஒன்றுபடாததால்தான் இந்த அநியாயம் நேர்ந்தது என்று உணர்ந்தோம் எனும் கருத்தைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். நமக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்திலும், பெரம்பலூர்ப் பகுதி ஆடுதுறையிலும் இத்தகைய கல்வெட்டுகள் உள. அவர்கள் தெய்வத்தை மறுத்தவர்களல்லர். கோயிற்சுவரையே தம் ஏடாகக் கொண்டவர்கள். பெரும்பாலும் மேலோரே பேசிவந்த சுவர் அது! தபரீயின் பக்கங்களில் நான் தேடிக் காணாத குரல் அங்கே இருக்கிறது.

இனி, நம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலை. மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது. 'ஜா' என்றால் பாரசீகத்தில் இடம். 'கீர்' என்றால் பற்றிக்கொள்வது. பெயரிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. அந்நாளில் வரி கட்டியதையும் கூலியின்றி உழைத்ததையும் தம் கண்ணால் கண்டவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர், ஆண்டுதோறும் குறைகின்றனர். வெள்ளிமலைப் பக்கம் உறவுள்ள என் மாணவர் இருவரிடம் ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்திருக்கிறேன். அம்மக்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுத வேண்டும், திருத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.