புகை என்றார் பாட்டி

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல் 1933-இல் காலமானார். நட்ட செடி பறிப்புக்கு வரவே மூன்று நான்கு வருடம் ஆகும். தன் தோட்டத்துத் தேநீரை மனுஷன் எத்தனை கோப்பை குடித்திருப்பாரோ! 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் காலையில் தானா ராத்தாவில் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார். மதியம் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சலித்தும் கிடைக்கவில்லை.

மனித ஆயுள் எவ்வளவு என்பதை யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரமும் சொல்கிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கும் சொல் ‘புகை’. மலையில் வளர்ந்த எனக்கு அது பனி என்றுதான் தோன்றும். ஏழு மணிக்குத் தேயிலைச் சரிவை மூடியிருக்கும், பத்து மணிக்குக் காணாது. பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. “பனி தானா வருது, தானா போவுது. பொகைன்னா எங்கயோ ஒல வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்யா.”

வேதாகமக் கல்லூரிக்காரர்கள் இந்த விளக்கத்தை ஏற்பார்களா தெரியாது. எனக்கு இதுவரை கிடைத்ததில் இதுதான் உருப்படியானது.

கீழே நகரத்துச் சபைகளிலிருந்து இளைஞர் முகாம்கள் வருடாவருடம் மேலே வரும். ‘வாழ்வின் நோக்கம்’தான் பெரும்பாலும் தலைப்பு. ரிக் வாரனின் 2002-ஆம் ஆண்டுப் புத்தகம் வந்தபின் அது இன்னும் கூடிவிட்டது. நோக்கம் என்றால் ஊழியம், மேடை, வெளிநாடு. ஜன்னலுக்கு வெளியே கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் ஒரு நோக்கம் இருக்கக்கூடும் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பாட்டிக்கு இருட்டோடு பிரட்டு, பிறகு பறிப்பு, நிறுவை. வீடு வந்ததும் அடுப்பு. உலையில் எப்போதும் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும். லயத்தில் எந்தப் பெண் செத்தாலும், இந்துவோ கிறிஸ்தவளோ, குளிப்பாட்டப் பாட்டியைத்தான் கூப்பிடுவார்கள். ஐயர் எப்போதாவதுதான் மேலே வருவார். அதற்காக இந்த வேலைகள் காத்திருக்கவில்லை.

அப்பா 41 வயதில் இறந்தார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் சாயங்காலம் பாட்டி அடுப்பைப் பற்றவைத்து, கடைசி வீட்டுப் பிள்ளைபெற்றவளுக்குக் கஞ்சி கொண்டுபோனார். பெற்ற மகனுக்காக நாலு நாள்கூட உட்கார்ந்து அழத் தோன்றவில்லையா? எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நேராகவே கேட்டேன்.

“பிள்ள பெத்தவ பசிக்கு நம்ம துக்கம் தெரியுமாய்யா?” தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்தபின், இருட்டில், ராத்திரி முழுக்க அழுதார்.

எனக்கு இப்போது 39. கோலாலம்பூரில் வேலை, கடன், ஞாயிறு ஆராதனை. அப்பாவின் வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. கணக்கு சரி, இரண்டு வருடத்தில் என்ன செய்துவிட முடியும் என்பதில்தான் முகாம்காரர்களுக்கும் பாட்டிக்கும் விடை வேறு.

பாட்டி இல்லை. லயத்துத் தமிழர்கள் பலர் இறங்கிப்போக, வங்காளதேசத்து, நேபாளத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். போன மாதம் மேலே போயிருந்தபோது பக்கத்து அறை நேபாளிக்குக் காய்ச்சல். அம்மா கஞ்சி வைத்தார், நான் கொண்டுபோனேன். எனக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு மலாய் அரைகுறை. குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.